சிஸ்டர் வேண்டாம் என்ற நாள்

அந்தப் பௌர்ணமிப் பிற்பகலை நினைத்தால் என் கையிலிருந்த ஐஸ் பெட்டிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திரும்பி வரும்போது அது காலியாக இருந்தது. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் செங்கம் சாலையை அடைத்திருந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை. எதிரே வந்தவர்களை விலக்கி விலக்கி நடந்தேன்.

நான் கண் வங்கியில் டெக்னீஷியன். இறந்தவர்களின் கருவிழியை எடுப்பது என் வேலை. வீட்டாரிடம் பேசிச் சம்மதம் வாங்குவது சிஸ்டரின் வேலை. நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். கல்லூரிகளில் அவர் பேசி முடித்து, "யாரெல்லாம் கண் குடுப்பீங்க?" என்று கேட்டால் மொத்தக் கூடமும் கை தூக்கும். அதே பிள்ளைகளின் வீட்டில் சாவு விழுந்து நாங்கள் போய் நின்றால், பெரும்பாலும் தலையைத்தான் ஆட்டுவார்கள். "படிச்சவங்களே இப்படி இருந்தா எப்படிங்க?" என்று திரும்பும் வழியெல்லாம் சிஸ்டர் கொதிப்பார்.

அன்று காலை அவர் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். தன் கண்களைக் கொடுக்க வேண்டும் என்று எங்களிடமே பலமுறை சொன்னவர். சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் அழைப்புக்குக் காத்திராமல் கிளம்பினேன். ஆரணிப் பக்கம் பார்வைக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணையும் தயாராக இருக்கச் சொல்லியாயிற்று.

நான் போனபோது சிஸ்டர் தன் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அவர் கண்களை மூடியிருந்தார்.

"வேணாம்ப்பா."

"சிஸ்டர், சாரே சொல்லியிருக்காரு..."

"தெரியும். நானும்தான் ஊரெல்லாம் சொன்னேன். கையை எடுக்க முடியலப்பா. போயிடு."

கூடத்தில் இருந்த யாரோ, "ஊருக்குத்தான் உபதேசம்" என்றார்கள். அது சிஸ்டர் காதிலும் விழுந்திருக்கும். ஆரணிப் பெண்ணுக்கு நானே போன் செய்து வர வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். காரியம் முடிந்து சில வாரங்களில் வந்துவிட்டார். முதலில் போனது கீழ்பென்னாத்தூருக்கு, தாயை இழந்த ஒரு விவசாயியின் வீட்டுக்கு. ஒருமுறை இதே பேச்சை எடுத்ததற்காக எங்களை வாசலோடு விரட்டியவர் அவர். சிஸ்டர் வீட்டுக் கதை அங்கேயும் போயிருந்தது.

"உங்க வீட்லயே குடுக்கலயாமே?"

"குடுக்கலைங்க. முடியல."

"அப்ப எங்களால மட்டும் எப்படிங்க முடியும்?"

சிஸ்டர் பழைய பேச்சு எதையும் எடுக்காமல் அந்த அம்மாளின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் பெட்டியோடு கிளம்பத் தயாரானேன். அந்த விவசாயி தாயின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துக்குங்க. என்னால பாத்துனு நிக்க முடியாது, நான் வெளிய போறேன்."

எத்தனையோ வீடுகள் பார்த்துவிட்டேன். கை தூக்கியவர்கள் மறுப்பதும், விரட்டியவர்கள் கொடுப்பதும் இப்போது எனக்கு வியப்பாக இல்லை. மனிதர்கள் சொல்வதைக் கேட்டு எதையும் ஊகிக்கும் தெம்பும் போய்விட்டது. வீட்டுக்குள் போய்க் காத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதுவரை நான் வேலை செய்யும்போதெல்லாம் சிஸ்டர் பக்கத்தில் நின்று ஒத்தாசை செய்வது வழக்கம். அன்று கீழ்பென்னாத்தூரில் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன், அவரைக் காணோம். ஜன்னல் வழியாகத் தெரிந்தது, அந்த மனிதர் சுவரில் நெற்றியை முட்டி அழுதுகொண்டிருந்தார். சிஸ்டரும் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்.