வினி கழுவிய வாசற்படி

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். இங்கிலாந்தில், சால்ஃபோர்டு துறைமுகத்துக்குப் பின்தெருவில் வினி க்ராப்பரைத் தெரியாதவர் கிடையாது. காலை ஏழு மணிக்கெல்லாம் வாளியும் பிரஷுமாக வாசலில் முட்டி போட்டுவிடுவாள். பழந்துணிக்காரனிடம் கிழிசலைப் போட்டு வாங்கிய வெளுப்புக்கல்லால் படியைத் தேய்தேய் என்று தேய்ப்பாள். காய்ச்சலிலும் தேய்த்தாள், மகள் கல்யாணத்தன்றும் தேய்த்தாள். புருஷன் க்ளிஃப் கப்பல் வேலைக்குப் போயிருப்பதாக அவள் சொல்லிவந்த மூன்று வருஷமும், தினம் இரண்டு தடவை தேய்த்தாள்.

அந்த வீட்டைப் போய்த்தான் சினிமாக்காரர்கள் திருடன் வீடு என்று படம் எடுக்கப் பிடித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால், அவர்களில் தொப்பிக்காரன் ஒருத்தன் படியில் கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டிருக்கிறான். வயிறு எரியாதா? கழுவினாள். மறுபடி பூசினான். மறுபடி கழுவினாள். நாலாவது தடவை அவன் பூசி முடித்ததும் இவள் வாளியும் பிரஷுமாக வர, டைரக்டர் குறுக்கே வந்து நின்றார்.

“அம்மா, இது திருடன் வீடும்மா. அழுக்கா இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க.”

“ஏன்யா, திருடன் பொண்டாட்டி வாசல் கழுவ மாட்டாளா? யாரு சொன்னா உனக்கு?”

“வழக்கமா அப்படித்தானேம்மா...”

“என்ன பெரிய வழக்கம்! என் வீட்டுக்காரர் கப்பலுக்கும் போகல, ஒரு மண்ணுக்கும் போகல. விஸ்கிப் பெட்டி திருடி மூணு வருஷம் ஜெயில்ல இருந்தாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்தப் படி அழுக்கா இருந்துச்சான்னு தெருவைக் கேளு!”

சொன்ன பிறகுதான் தெருவே கூடி நிற்பது உறைத்தது. இத்தனை நாள் கட்டிக்காத்த மானம் இப்படிப் போச்சே!

எதிர்வீட்டு ஏடா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? “அடி போடி, கப்பல்ல போன மனுஷன் வெயிலே படாம வெளிறிப்போய் வந்து நின்னாரே, எங்களுக்கு அப்பவே தெரியும்.”

உள்ளே இருந்த க்ளிஃப் வெளியே வந்தார். அவள் கையிலிருந்த பிரஷை வாங்கி, படியில் முட்டி போட்டார். அந்தத் தெருவில் எந்த ஆம்பிளையும் செய்யாத காரியம்.

“ஐயோ, எந்திரிங்க! எல்லாரும் பாக்குறாங்க,” என்று பல்லைக் கடித்தாள் வினி.

“மூணு வருஷமா உன்னைத்தானே பாத்தாங்க,” என்றார் அவர், கரியைச் சுரண்டியபடி. “இன்னைக்கு என்னைப் பாக்கட்டும்.”