கத்துகிற கான்கிரீட்

எண்ணெயில் கடுகு வெடித்தால் ஓசூர் கான்கிரீட் சோதனைக்கூடத்துப் பெண்மணி நினைவுக்கு வந்துவிடுகிறார். புருவத்தில் சிமெண்ட் படிந்திருக்கும். சோதனைக்கு முன் வளையல்களைக் கழற்றி டிபன் பாக்ஸில் வைப்பார். விரிசல் ஓசையைக் கேட்கக் கான்கிரீட்டில் ஒட்டிய சென்சாருக்கு வளையல் ஓசையும் விரிசலாகத்தான் கேட்குமாம்.

கான்கிரீட்டில் கலக்கும் எங்கள் கம்பெனியின் நைலான் நாரைச் சோதிக்கக் கொடுத்திருந்தேன். நார் கலக்காத கான்கிரீட் கட்டை கடைசிவரை வாய் திறக்காமல் பட்டென்று இரண்டானது. நார் கலந்ததோ அழுத்த அழுத்த சென்சாரோடு இணைத்த ஸ்பீக்கரில் படபடவென்று பொரிந்துகொண்டே இருந்தது.

"போச்சு, நம்ம சரக்கு பெயிலா மேடம்?"

"அய்ய, கத்துனா நல்லதுங்க சார். நார் இழுத்துப் புடிக்குது. உடையறதுக்கு முன்னாடியே சொல்லுது பாருங்க."

அன்று பகல் முழுதும் அவர் பக்கத்தில் நின்று கான்கிரீட் பேசுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில் கேட்டருகே நின்றிருந்தார். வளையல்கள் இன்னும் டிபன் பாக்ஸுக்குள்ளேயே குலுங்கின.

"ரிப்போர்ட்டுக்கு எப்ப வரட்டும் மேடம்?"

"வேற ஆள் குடுப்பாங்க சார். நான் இன்னியோட வேலைய வுட்டுட்டேன்."

"என்ன மேடம், திடீர்னு?"

பேரிகை போகும் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"திடீர்னு இல்லீங்க சார். பாப்பாவ தனியா வுட்டுட்டு நைட் ஷிப்டு முடியாதுன்னு சொல்லிட்டேதான் இருந்தேன். யாரும் காதுல வாங்கல."