பிரிக்காத டெஸ்டர்கள்

தொழிற்பயிற்சி நிலையங்களில் அந்த அம்மாவுக்குச் ‘சல்லடையம்மா’ என்று பெயர். தணிக்கைக்கு அவர் வருகிறார் என்றாலே முதல்வர்கள் பழைய கோப்புகளைத் தூசி தட்டத் தொடங்கிவிடுவார்கள். வயது ஐம்பத்து மூன்று. பதினெட்டு வருஷம் வயரிங் சொல்லிக்கொடுத்துவிட்டு, எந்த நிலையத்துக்கும் கட்டுப்படாத தணிக்கைக் குழு ஒன்றில் சேர்ந்தவர். ஏன் மாறினீர்கள் என்று யாராவது கேட்டால், முட்டிவலிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் தோது என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

அன்றைக்குப் போனது இரண்டாம் மாடியிலிருந்த ஒரு எலக்ட்ரீஷியன் பயிற்சி நிலையத்துக்கு. உரிமம் புதுப்பிக்கும் தணிக்கை. கோப்புகளில் குறையே இல்லை. இருபத்து நான்கு பேர், ஆளுக்கு நூற்றிருபது மணி நேரச் செய்முறை, நாள் தவறாமல் கையெழுத்து. முதல்வர் எள் என்றால் எண்ணெயாக நின்றார்.

பட்டறைக்குள் நுழைந்ததும்தான் உறுத்தியது. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த டெஸ்டர்களில் ஒன்றின் கவர்கூடப் பிரிக்கப்படவில்லை.

சல்லடையம்மா அதைக் குறித்துக்கொண்டார். முன்னால் நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். தையல் கம்பெனியை மூடிவிட்டதால் இங்கே வந்து சேர்ந்தவள். பயிற்சிப் பெட்டியில் மூன்றாம் லைன் வயரைக் கழற்றிக் காட்டச் சொன்னார்.

அவள் ‘3’ என்று எழுதியிருந்த ஸ்விட்சைக் கீழே தள்ளினாள். மூடியைக் கழற்றினாள். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்காமலே வெறும் விரலைச் செம்புக் கம்பிக்குக் கொண்டுபோனாள்.

“கையை எடுங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் விரல் அப்படியே நின்றது. சல்லடையம்மா தன் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து அந்தக் கம்பியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்விட்சுகளின் எண்களை யாரோ மாற்றி எழுதியிருந்தார்கள். மெயினை அணைக்கச் சொன்னார். அந்தப் பெட்டியை அவரே முதலில் சோதித்திருக்க வேண்டும். அதையும் அறிக்கையில் எழுதுவதென்று அங்கேயே முடிவு செய்தார்.

முதல்வர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஸ்விட்ச் எண்களை நாளைக்கே சரிசெய்துவிடலாம், மூன்று வாரத்தில் தேர்வு, பன்னிரண்டு பேருக்கு வேலையும் பேசியாயிற்று, அறிக்கையை ஒரே ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று மன்றாடினார். சல்லடையம்மா செய்முறை ஆசிரியரை வரச் சொன்னார். அந்த மனிதர் முதல்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு, நடந்தது நாற்பது மணி நேரம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

படிக்கட்டில் அந்தப் பெண் காத்திருந்தாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று சல்லடையம்மா நினைத்தார்.

“எழுதாதீங்க மேடம். ஒண்ணாம் தேதி வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“இப்பதானேம்மா உயிர் தப்பிச்சீங்க?”

“இனிமே பாத்து செய்றேன். எங்க வயித்துல அடிக்காதீங்க.”

சல்லடையம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவரிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னார். ஆசிரியராக இருந்தபோது, மேலே இருந்தவர் நெருக்கியதால், பதினாறு பேருக்கு நடக்காத வகுப்புகளை நடந்ததாகக் கையெழுத்துப் போட்டவர் அவர். அந்தப் பதினாறு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. மின்சாரம் தாக்கி ஒருவர் பலி என்று பேப்பரில் வந்தால், அந்தப் பதினாறில் ஒருவராக இருக்குமோ என்று இன்றைக்கும் அவர் கண் முதலில் இறந்தவரின் வயதைத்தான் தேடும்.

“அதனாலதாம்மா எழுதறேன்.”

“உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும் மேடம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப்போனாள்.

அறிக்கை பதினொரு பக்கம். மிச்சமிருந்த எண்பது மணி நேரத்தை வேறு நிலையத்தில் இலவசமாகக் கற்றுத்தர வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தார். உரிமம் நிறுத்தப்பட்டது. இலவசப் பயிற்சியும் கிடைத்தது, ஆனால் நான்கு மாதம் இழுத்தது. அந்தப் பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. இருந்தும் அவள் பயிற்சியை முடித்தாள். ஒரு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள் என்று புதிய நிலையத்தின் ஆசிரியர் சொன்னார்.

முடித்தவர்கள் பத்தொன்பது பேர். மற்ற ஐந்து பேரைப் பற்றிச் சல்லடையம்மாவே விசாரித்தார். ஒருவர் பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தார். மிச்ச நான்கு பேருடைய போன் நம்பரும் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.