பாஸ்போர்ட் படத்துக்குப் பொட்டு வைத்தது யார்?

ஒரு பாஸ்போர்ட்டைப் பார்த்து நான் இப்படி வெலவெலத்துப் போவேன் என்று சத்தியமாக நினைக்கவில்லை. இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் அதிர்ச்சி அடங்கவில்லை.

நடந்தது நம்ம பினாங்கு ஏர்போர்ட்டில். ஆயர் ஈத்தாமில் என் எதிர்வீட்டில் இருக்கும் புஷ்பா அக்காவைச் சிங்கப்பூர் விமானத்தில் ஏற்றிவிடப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். கார் ஓட்டியது நான். கூடவே அக்காவின் கணவர் மாணிக்கம் அண்ணன்.

அக்கா தனியாக விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஏறியே ஆக வேண்டும். ஒரே மகள் கவிதாவுக்கு மறுநாள் காலை சிங்கப்பூரில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கிறார்கள். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. அதனால் இந்த முறை அவள் கேட்டது ஒன்றே ஒன்று — தியேட்டர் கதவு வரைக்கும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

அவ்வளவுதான். பெரிய ஆசையா இது?

மாணிக்கம் அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த்தில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா பூஜை செய்யும்போது ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணி அடித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். "சாமிக்கு வேற வேலை இல்லையா?" — கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணன் வாயால் அக்கா கேட்டுக்கொண்டிருக்கும் வசனம் இது.

ஏர்போர்ட்டில் வழக்கமான கூட்டம். பயணம் போகிறவர் ஒருவர் என்றால் வழியனுப்ப வருகிறவர்கள் ஒரு வேன் நிறைய இருப்பார்கள், தெரிந்ததுதானே? எங்களுக்குப் பின்னால் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த குடும்பம் வரிசையில் நின்றபடியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் சிரித்த முகத்தோடு பாஸ்போர்ட்டை வாங்கினாள். திறந்தாள். சிரிப்பு நின்றது. மூடினாள். மறுபடியும் திறந்தாள்...

எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

படத்தில் அக்காவின் நெற்றியில் ஒரு பொட்டு. பேனாவால் போட்டதல்ல. அச்சு அசல் குங்குமம், விளக்கு எண்ணெயில் குழைத்து, விரலால் அழுத்தி வைத்த பொட்டு. பாஸ்போர்ட்டை மூடி வைத்ததில் அது எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, எண்ணெய் அடுத்தடுத்த தாள்களிலும் ஊறியிருந்தது. அந்தப் பெண் டிஷ்யூவால் மெதுவாகத் துடைத்தாள். குங்குமம் இழுபட்டு அடியில் இருந்த எழுத்துகள் மேலெல்லாம் பரவியது. மெஷினில் வைத்தாள். படிக்கவில்லை. மறுபடி வைத்தாள். ம்ஹூம்.

"பாஸ்போர்ட் ரோசாக், மக்சிக்" என்றாள். பாஸ்போர்ட் கெட்டுப்போய்விட்டது, அம்மா என்கிறாள்.

மேலதிகாரி வந்தார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். இதை வைத்துக்கொண்டு ஏற்ற முடியாது, அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், புது பாஸ்போர்ட்தான் எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது? ஞாயிற்றுக்கிழமை எந்த இமிகிரேஷன் ஆபீஸ் திறந்திருக்கும்?

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். வாயில் வந்துவிட்டது — ஏன்க்கா, இதுக்குமா பொட்டு வைப்பீங்க?

நம் ஆட்களைத் தெரியாதா? புது கார் வாங்கினால் பொட்டு. ஃபிரிட்ஜ் வாங்கினால் பொட்டு. என் வீட்டு வாஷிங் மெஷினுக்கே நெற்றியில் மூன்று பொட்டு இருக்கிறது. பாஸ்போர்ட் மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆனால் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் வைக்கலம்மா. பெட்டிக்கு வச்சேன், ஹேண்ட்பேக்குக்கு வச்சேன். பாஸ்போர்ட்டுல வைக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அப்புறம் யார் வைத்தது? வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

மாணிக்கம் அண்ணன் விமான நேரம் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ பரீட்சைக்குப் படிப்பதுபோல. பிறகு, திரும்பாமலே சொன்னார்.

"நாந்தான் வச்சேன்."

சாமிக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்ட அதே வாய். எனக்குக் காதில் விழுந்ததை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"பெட்டிக்கு வச்ச. பேக்குக்கு வச்ச. இதுக்கு மட்டும் வைக்கல. மறந்துட்டன்னு நெனச்சேன். படத்துல வேற நெத்தி வெறுமையா இருந்துச்சு..."

அந்தப் படம் எடுத்த அன்று வியர்வையில் ஸ்டிக்கர் பொட்டு எங்கேயோ விழுந்துவிட்டதாம். அக்கா கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்திருக்கிறார். அக்கா குளிக்கப் போன நேரத்தில் சாமி அறைக்குள் நுழைந்திருக்கிறார். வழவழப்பான தாளில் வெறும் குங்குமம் நிற்காது என்று எண்ணெய் வேறு சேர்த்திருக்கிறார். முன்னே பின்னே செய்து பழக்கம் இருந்தால்தானே அளவு தெரியும்?

வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் கவிதாவுக்கு யார் சொல்வது? அக்கா மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டார். அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். இந்த மனிதர் மகளிடம் "சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா இன்றைக்கு வர முடியாது என்றார். ஏன் என்றும் சொன்னார்.

பிறகு ஸ்பீக்கரில் கவிதாவின் குரல் கேட்டது. "அப்பாவா? நீங்களா வச்சீங்க?"

"போன தடவ மாதிரி ஆயிடக்கூடாதுன்னுதான்... எனக்குப் பயமா இருக்கு, பாப்பா."

அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவில், பெட்டி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். பின்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் போனைக் கீழே இறக்கிவிட்டது. முதல் குழந்தை போன அன்றுகூட அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாக அக்கா ஒரு தடவை என்னிடம் சொல்லிக் குமுறியிருக்கிறார். அன்றைக்கு அவர் படித்துக்கொண்டா இருந்தார்?

திங்கட்கிழமை காலை இமிகிரேஷன் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். எப்படிக் கெட்டது என்று அதிகாரி கேட்டார். அண்ணன் முன்னால் போய் நின்று தானே பதில் சொன்னார். இங்கே புது பாஸ்போர்ட்டைச் சில மணி நேரத்தில் கொடுத்துவிடுவார்கள்; அதற்காகக் காத்திருந்தபோதே சிங்கப்பூரிலிருந்து போன் வந்துவிட்டது. ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

அக்கா அன்று மாலை விமானத்தில் போய்ச் சேர்ந்தார். இரவு என்னைக் கூப்பிட்டார். பேரன் யார் சாயல் என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் சொன்னது வேறு. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது கவிதா பிடிக்க அம்மா கை இல்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாளாம். சொல்லிவிட்டு அக்கா அழுதார். நான் என்ன ஆறுதல் சொல்வது? குழந்தை நல்லபடியாகப் பிறந்ததே என்றேன். எனக்கே அது போதவில்லை.

நம் வீட்டு ஆண்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபம் வந்தால் கத்துகிறீர்கள். பசி வந்தால் கேட்கிறீர்கள். பயம் வந்தால் மட்டும் ஏன் பேப்பரை விரித்துக்கொள்கிறீர்கள்?

'பயமா இருக்கு' என்ற அந்த ஒரு வார்த்தையை மாணிக்கம் அண்ணன் முதல் நாள் வீட்டிலேயே சொல்லியிருந்தால்... பாஸ்போர்ட்டும் பிழைத்திருக்கும், கவிதாவும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள்.