ஒன்பது பஜ்ஜி, ஆறு போண்டா

கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் திரும்பும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் இன்று ஓட்டெடுப்பு. டீக்கு நிறுத்துவது பஜ்ஜிக் கடையிலா, போண்டாக் கடையிலா?

பதினைந்து பேரில் ஒன்பது பேர் பஜ்ஜி.

பஸ் இன்சார்ஜ் தாமு அண்ணன் போண்டா கட்சி. சாக்பீஸோடு எழுந்தார். "தலைய எண்ணிக்கினு இருந்தா பேஜாரு. மூணு தொகுதியா பிரிச்சிக்கலாம்."

பஸ் தரையில் வளைத்து நெளித்துக் கோடு போட்டார். பஜ்ஜிக்காரர்கள் ஐந்து பேர் ஒரே தொகுதியில் அடைபட்டோம். மற்ற இரண்டிலும் தலா பஜ்ஜி இரண்டு, போண்டா மூன்று.

"ரெண்டுக்கு ஒண்ணு. போண்டா ஜெயிச்சிடுச்சி!"

"இன்னாண்ணா இது, நாங்கதான ஜாஸ்தி?" என்றேன்.

"உன் தொகுதில உனக்கு அமோக வெற்றிம்மா. போண்டாவ துன்னு."

எங்கள் ஊர் வார்டு எல்லைகளையும் திருத்தப் போகிறார்களாம். சாக்பீஸ் யார் கையில் என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.