தோர்டிஸின் கண்ணாடிச் சுவர்

எங்கள் ஐஸ்லாந்து ஊரில் வெந்நீர்க் குளத்தில் இறங்குமுன் உடுப்பெல்லாம் களைந்து சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். பாதிரியாருக்கும் சலுகை இல்லை. அதனால் புதிய குளம் கட்டும்போது, குளிப்பறைக்கும் காபிக் கூடத்துக்கும் நடுவே எந்தச் சுவர் என்பது பெரிய பேச்சாக இருந்தது.

கட்டடக்காரர் ஸ்டுர்லா கான்கிரீட் என்றார். கண்ணாடி பொருத்தும் தோர்டிஸ் மட்டும் மறுத்தார். கூடத்தில்தான் பெரிய சன்னல். கான்கிரீட் வைத்தால் அந்த வெளிச்சம் அங்கேயே நின்றுபோகும். தெளிந்த கண்ணாடி எதையும் மறைக்காது. ஒரு பக்கம் மணலடித்துச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியோ வெளிச்சத்தை உள்ளே விட்டு, உருவத்தைக் கலைத்துவிடும். குளிர்காலத்தில் மலைக்குப் பின்னாலேயே சூரியன் கிடக்கும் ஊரில் அது சின்ன விஷயமல்ல. இருபது ஆண்டுகள் படகுகளுக்கும் சமையலறைகளுக்கும் கண்ணாடி மாட்டிய தோர்டிஸ், ஊருக்காக வாதாடி வாங்கிய ஒரே வேலை அது.

ஆறு கண்ணாடிப் பலகைகளை வெட்டி அனுப்பிவிட்டுக் காய்ச்சலில் படுத்தார். ஸ்டுர்லா தானே மாட்டினார். கூடத்துப் பக்கம் விரல்தடம் துடைக்க எளிதாக இருக்கட்டும் என்று வழுவழுப்பை அங்கே வைத்து, சொரசொரப்பைக் குளிப்பறைக்குள் திருப்பிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் தோர்டிஸ் வந்து கண்ணாடியை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"மாத்தி மாட்டியிருக்க, ஸ்டுர்லா. ஈரம் பட்டா எல்லாம் தெரியும்."

"பால் மாதிரி வெள்ளையா இருக்கு. உனக்கு இன்னும் காய்ச்சல் விடல."

"அப்ப நீயே குளிச்சுக் காட்டு."

ஊராட்சித் தலைவி ஹால்டோராவும் உறுப்பினர் நால்வரும் கூடத்தில் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டுர்லா உள்ளே போனார். பிடிவாதக்காரர்தான், ஆனால் ஊர் வழக்கம் மீறாதவர், உடுப்போடு குளிக்கவில்லை.

முதல் துளிகள் பட்ட இடங்களில் கண்ணாடி கண் திறந்தது. சொரசொரப்பின் நுண்ணிய குழிகள்தான் ஒளியைத் திசைக்கொன்றாகச் சிதறடிப்பவை. நீர் அவற்றை நிரப்பியதும் ஒளி நேராகவே போய்விட்டது. துளிகள் ஓடிச் சேர்ந்தன. ஸ்டுர்லா கண்ணை மூடிக்கொண்டு தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹால்டோரா கோப்பையைக் கீழே வைத்தார். "ஸ்டுர்லா, தண்ணிய நிறுத்து. உன் குடல்வால் ஆபரேஷன் தழும்பு வரைக்கும் பாத்தாச்சு."

துண்டோடு வெளியே வந்தவர் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் விடவில்லை. "நான்தான் அப்பவே கான்கிரீட்னு சொன்னேனே."

ஹால்டோராவும் தலையசைத்தார். "நாளைக்கு ஊரே வரும். பேசாம கண்ணாடிய மறைச்சு அடைச்சிரலாம், தோர்டிஸ்."

"ஒரு மணி நேரம் குடு."

ஒரு பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டினார் தோர்டிஸ். மற்றவற்றைத் தார்ப்பாயால் மூடினார். யாரையும் கூப்பிடவில்லை. தானே உள்ளே போய், எல்லாம் களைந்து, குழாயை முழுக்கத் திறந்தார். நீர் வழுவழுப்பான பக்கத்தில் வழிந்து ஓடியது. சொரசொரப்பு கூடத்துப் பக்கம் உலர்ந்து இருந்தது. கூடத்திலிருந்தவர்களுக்கு வெளிறிய ஒரு நிறம் அசைவது மட்டும் தெரிந்தது.

"எத்தனை விரல் காட்டறேன்?" உள்ளிருந்து குரல் வந்தது.

"விரலா?" என்றார் ஹால்டோரா. "நிக்கிறது நீயா பாதிரியாரான்னே தெரியல."

சிரிப்பு அடங்கும்முன் ஸ்டுர்லா திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார். மீதி ஐந்தையும் இருவருமாக மாலைக்குள் திருப்பினார்கள்.

எதையும் நான் சட்டென்று பாராட்டுவதில்லை. ஆனால் ஜனவரி நண்பகலில் அந்தக் குளிப்பறையில் விளக்கில்லாமல் சோப்புப் போட்டுக்கொள்கிறேன்.