முத்துச்செல்வி இடம் மாற்றிக் கட்டிய வலை

போன ஞாயிறு குடும்பத்தோடு அய்யனார் கோவில் ஆற்றில் குளிக்கப் போயிருந்தோம். மலையில் நல்ல மழை. தண்ணீர் ஜில்லென்று... சொர்க்கம்!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த என் மச்சினன் சாப்பிட்டு முடித்தான். சால்னா கவர், வாட்டர் பாட்டில், ஷாம்பு பாக்கெட் — எல்லாவற்றையும் சுருட்டி ஆற்றிலேயே வீசினான்.

"ஏலே, என்ன பண்ணுத?"

"கீழ பாலத்துக்கிட்ட வலை கட்டியிருக்காகல்ல அத்தான்... அவிய எடுத்துக்கிருவாக. நாம போட்டாத்தான அவியளுக்குப் பொழப்பு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

வலை கட்டியவர் முத்துச்செல்வி. ராஜபாளையத்தில் மில் வேலையை விட்டுவிட்டு, தெருப் பெண்களைச் சேர்த்துத் தொழில் தொடங்கியவர். ஆற்றில் வரும் பிளாஸ்டிக் கவர்களை அள்ளி, கழுவிக் காயவைத்து, கூடை பின்னி விற்கிறார்கள். ஆறும் சுத்தமாகும், கையிலும் நாலு காசு நிற்கும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தானே?

நம்ம ஆட்கள் விடுவார்களா!

பாலத்துக்கு இறங்கிப் போனேன். முழங்கால் தண்ணீரில் நின்று, கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார் முத்துச்செல்வி.

"வலை கட்டுறதுக்கு முன்னாடி இம்புட்டு வரலைங்க சார். கட்டின பொறவுதான் கூசாம போடுதாக. சால்னா ஊறின கவர வச்சு என்னத்தப் பின்ன? பாரம் தாங்காம வலையும் கிழியுது. அம்புட்டும் ஊர் குடிக்கிற தண்ணிக்குல்ல போகுது!"

வாசலை ஒருத்தர் கூட்டுகிறார் என்பதற்காக நடு வீட்டில் துப்புவோமா? அந்தப் பெண்கள் என்ன, நாம் வைத்த வேலைக்காரர்களா? இதில் பிழைப்புக் கொடுக்கிறோம் என்ற பெருமை வேறு. வெட்கமாக இல்லை?

முத்துச்செல்வி மேலே குளிக்கிற கூட்டத்தையே செத்த நேரம் பார்த்தார். பிறகு வலையை அவிழ்த்தார். கூட வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி வந்து, குளிக்கிற இடத்தை ஒட்டிக் கீழேயே, பாறைக்குப் பாறை இழுத்துக் கட்டினார்கள்.

அவ்வளவுதான். போட்டதெல்லாம் போட்டவர்களைச் சுற்றியே நின்றது.

மறுபடி குளிக்க இறங்கிய மச்சினன் முதுகில் ஒரு குழந்தையின் டயப்பர் வந்து ஒட்டியது. அலறிக்கொண்டு எழுந்தான்.

"என்னக்கா இது, நாறுது! அள்ள மாட்டீகளா?"

கரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த முத்துச்செல்வி நிதானமாகச் சொன்னார்:

"அள்ளுவோம் தம்பி... மொதல்ல நீங்க ஆசை தீரக் குளிங்க!"